மனையாளின் உழைப்பும் சீவனாம்சமும்

1990-களில் ஒரு நாள், ஒரு தாய் தம் மகனைச் சேர்க்க எங்கள் பள்ளிக்கு வந்தார். படிவத்தில் ‘தாயின் தொழில்’ என்னும் இடத்தில் என்ன எழுதுவது என்று அவர் தயங்க, “வீட்டில்தானே இருக்கிறீர்கள், அம்மா? ‘இல்லை’ என்று எழுதுங்கள்” என்றேன். அவ்வாறே எழுதினார். சில ஆண்டுகள் கழித்து அவரே மீண்டும் வந்தார். கணவர் மணவிலக்குப் பெற்றுப் பிரிந்துவிட்டார். “எனக்கு மாதம் 500 ரூபாய் சீவனாம்சம். அதற்கு மேல் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லையாம், ஐயா” என்றார்.

அந்த ஐந்நூறு எங்கிருந்து வந்தது? வரலாற்றைப் புரட்டினேன்.

ஆங்கிலேயர் 1898-இல் இயற்றிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488-ஆம் பிரிவுதான் இதன் வேர். கைவிடப்பட்ட மனைவியும் மக்களும் பசியால் தெருவில் அலையலாகாது என்பதே அதன் நோக்கம். உழைப்புக்கு ஈடு தருவதன்று, பட்டினியைத் தடுப்பதே. ஆகவே மாதம் 50 ரூபாய் என்று ஓர் உச்சவரம்பும் வைத்தனர். 1923-இல் அது 100 ஆயிற்று. 1955-இல் 500 ஆயிற்று. மணவிலக்கு ஆகிவிட்டால் அவள் ‘மனைவி’ அல்லள்; அப்பிரிவின் உதவியும் அற்றுப்போகும். மணவிலக்கே சிலருக்குத் தப்பும் வழியாயிற்று.

1973-ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வழியை அடைத்தது. மறுமணம் செய்யாத, மணவிலக்கான பெண்ணும் ‘மனைவி’யே என 125-ஆம் பிரிவு விளக்கிற்று. ஆயின், ஐந்நூறு என்னும் வரம்பு மட்டும் அசையவில்லை. அரிசி விலை ஏறிற்று, வாடகை ஏறிற்று, 1955 முதல் 46 ஆண்டுகள் அந்த எண் அப்படியே நின்றது. 2001-இல்தான் நாடாளுமன்றம் அவ்வரம்பை நீக்கிற்று. 2024 சூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தில் 144-ஆம் பிரிவு அதன் இடத்தில் நிற்கிறது.

1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் வேறொரு வழியையும் திறந்திருந்தது. வழக்கு நடக்கும் காலத்துக்கும் அதன் பின்னரும், வருவாயற்ற துணைவர், கணவராயினும் மனைவியாயினும், உதவி கோரலாம். அதற்கு உச்சவரம்பும் இல்லை. ஆயினும் உரிமையியல் நீதிமன்றப் படி ஏற எல்லோராலும் இயன்றதா?

2020-இல் உச்சநீதிமன்றம், இருவரும் தம் சொத்தையும் வருவாயையும் பிரமாணப் பத்திரத்தில் வெளியிட வேண்டும் என்றும், மனுச் செய்த நாள் முதலே சீவனாம்சம் வழங்கவேண்டும் என்றும் வகுத்தது. பிள்ளைகளை வளர்க்க வேலையைத் துறந்த தாயின் இழப்பையும் எண்ணிப் பார்க்கச் சொல்லிற்று. 2023-இல் நம் சென்னை உயர்நீதிமன்றம், ஒரு சொத்து வழக்கில், மனைவி இல்லத்தைக் காத்ததனால்தான் கணவர் பொருளீட்ட முடிந்தது எனக் கூறி அவருக்குச் சரிபாதிப் பங்கு உண்டு என்றது. இப்பங்களிப்பை ஏற்கும் சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை என்பதையும் அத்தீர்ப்பே சுட்டிற்று.

பசிக்குப் பிச்சை என்று தொடங்கியது, உழைப்புக்குப் பங்கு என்னும் வாயிலருகே வந்து நிற்கிறது. சட்டம் இவ்வளவு தொலைவு நடக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. சட்டத்தை மட்டும் குறை கூற எனக்கு வாயில்லை. அந்தத் தாயை ‘இல்லை’ என்று எழுதச் சொன்னவன் நானல்லனோ? ஓய்வு பெறும் வரை, அதன்பின் எந்தத் தாயிடமும் அச்சொல்லை நான் சொன்னதில்லை.