மௌரியர், சோழர், முகலாயர்: ஒரு கணினி விளையாட்டின் மீதான வழக்கு



கல்வெட்டையும் காப்பியத்தையும் பேசி வரும் இப்பக்கத்தில் ஒரு கணினி விளையாட்டைப் பற்றி எழுத நேரும் என்று நான் நினைத்ததில்லை. எழுத வைத்தவன் என் அக்காள் மகன். 2025 மே மாத விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தவன், மடிக்கணினியின் முன் வெகுநேரம் முகத்தைச் சுளித்தபடி அமர்ந்திருந்துவிட்டு, "மாமா, சோழருக்கு அப்புறம் யார்?" என்று கேட்டான். வகுப்பறைப் பழக்கம் விடுமா? மூன்றாம் இராசேந்திரன், 1279, மாறவர்மன் குலசேகர பாண்டியன் என்று தொடங்கினேன். "அதெல்லாம் இல்ல மாமா, முகலாயர்" என்றான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. பணம் கொடுத்து வாங்கியவன் அவன் அல்லவா!

விளையாட்டின் பெயர் சிவிலைசேஷன். சிட் மையர், புரூஸ் ஷெல்லி ஆகிய இருவரும் வடிவமைத்த முதற்பதிப்பை மைக்ரோபுரோஸ் நிறுவனம் 1991 இல் வெளியிட்டது. கி.மு. 4000 இல் ஒரு சிறு குடியேற்றக் கூட்டத்தோடு தொடங்கி, ஊர் அமைத்து, எழுத்தும் சக்கரமும் கண்டு, அண்டை அரசரோடு பொருதும் பேசியும், விண்கலம் ஏவும் காலம் வரை ஒரு நாகரிகத்தை நடத்திச் செல்ல வேண்டும். சதுரங்கம் போல முறை வைத்து ஆடுவது. 'இன்னும் ஒரு முறை, இன்னும் ஒரே ஒரு முறை' என்று விடிய விடிய ஆடித் தீர்த்தோர் உலகெங்கும் உண்டு. அதன் ஏழாம் பதிப்பை அமெரிக்காவின் மேரிலாந்தில் உள்ள ஃபிராக்சிஸ் நிறுவனம் உருவாக்க, டூகே நிறுவனம் 2025 பிப்ரவரி 11 அன்று வெளியிட்டது. கூடுதல் விலை கொடுத்தோர்க்கு மட்டும் பிப்ரவரி 6 அன்றே கதவு திறந்தது. முறையீடுகளும் அன்றே தொடங்கிவிட்டன.

வெளியானபோது விலை மூவகையாக இருந்தது: ஏறத்தாழ 70, 100, 130 டாலர்கள். அதிகம் கொடுத்தவரே முதலில் உள்ளே சென்று முதலில் ஏமாந்தார் என்பது இதில் உள்ள நகைமுரண். திரையில் எது பொத்தான், எது வெறும் எழுத்து என்று தெரியவில்லை. ஒரு நகரின் விளைச்சல் எங்கிருந்து வருகிறது என்று காட்டும் கணக்கு கிடைக்கவில்லை. நிலப்படங்கள் கோடு போட்டு வெட்டியவை போல் இருந்தன. தாம் எழுப்பிய நகருக்குத் தாமே பெயரிடும் உரிமைகூட முதலில் தரப்படவில்லை. ஆட்டம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது, அதற்குப் பின்னான உலகம் எங்கே என்று கேட்டனர் சிலர். ஸ்டீம் கடையில் வாங்கியோர் எழுதிய மதிப்புரைகளுள் எதிரானவையே முதல் நாட்களில் மிகுந்திருந்தன. இடைமுகக் குறைகளை நிறுவனமும் சில நாட்களுக்குள் ஒப்புக்கொண்டது. பெயர் மாற்றும் வசதி உட்படத் திருத்தங்கள் பல அடுத்தடுத்து வந்தன. இவையெல்லாம் தச்சுவேலைக் குறைகள். இழைப்புளி போட்டால் சரியாகிவிடும்.

இந்தத் தொடருக்கு வசையும் புதிதன்று. 2010 இல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது, சதுரக் கட்டங்கள் அறுகோணங்கள் ஆயின. ஒரு கட்டத்தில் ஒரு படைதான் நிற்கலாம் என்ற விதி வந்தது. முந்தைய பதிப்பில் இருந்த சமயமும் ஒற்றாடலும் காணாமற்போயின. அன்று எழுந்த கூக்குரல் பெரிது. சமயமும் ஒற்றும் 2012 இல் ஒரு விரிவாக்கமாகத் திரும்பி வந்தன, தனி விலைக்கு. இன்று அதே ஐந்தாம் பதிப்பைப் பொற்காலம் என்று போற்றுவோர் பலர்.

ஆனால் ஏழாம் பதிப்பின் மீதான பெரிய வழக்கு வேறு. அது தச்சுவேலை பற்றியதன்று; வரலாறு என்றால் என்ன என்பது பற்றியது. அதனால்தான் இங்கே எழுதத் துணிந்தேன்.

முந்தைய ஆறு பதிப்புகளிலும் ஒரு நாகரிகத்தைத் தேர்ந்தால் இறுதிவரை அதுவே. ஏழாம் பதிப்பில் ஆட்டம் தொல்காலம், கடல்தேடற் காலம், நவீன காலம் என்று மூன்று யுகங்களாகப் பிளக்கப்பட்டது. யுக முடிவில் கொள்ளைநோயோ, கலகமோ, படையெடுப்போ ஒரு நெருக்கடியாக வந்து சேரும். பின்பு திரை மாறும். கட்டிய நகரங்களிற் பல சிற்றூர்களாகச் சுருங்கிவிடும்; நடந்துகொண்டிருந்த போர் பாதியில் நின்றுபோகும்; உங்கள் நாகரிகம் மறைந்து, வேறொன்றை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே வெளியானபோது இருந்த விதி. தலைவர் மட்டும் மாறமாட்டார். ஆகவே மௌரியராகத் தொடங்கி, வரலாற்று வழி என்று விளையாட்டே காட்டும் தடத்தில் சென்றால், அடுத்து சோழர், அதற்கடுத்து முகலாயர். மூன்றுக்கும் அசோகரே தலைவராக இருக்கலாம். கலிங்கத்துக்காக வருந்திய அசோகர் கலம் செலுத்திக் கடாரம் கொள்ளும் காட்சியை வாசகர்கள் கற்பனை செய்துகொள்ளலாம்! வெளியானபோது தலைவர் வரிசையில் இராசராசனும் இல்லை, இராசேந்திரனும் இல்லை.

வடிவமைப்பாளர் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. பெரும்பாலோர் ஆட்டத்தை இறுதிவரை ஆடுவதே இல்லை. பாதியிலேயே வெல்பவர் யார் என்று தெரிந்துவிடுகிறது. எனவே மூன்று முறை புதிதாகத் தொடங்கும் வாய்ப்பைத் தந்தோம் என்பது ஒரு வாதம். வரலாறு அடுக்கடுக்காக அமைவது என்பது இன்னொரு வாதம். உரோமர் எழுப்பிய லண்டனை நார்மானியர் பிடித்தனர். பின்னர் அதுவே பிரித்தானியப் பேரரசின் தலைநகர் ஆயிற்று. இதை யார் மறுக்க முடியும்? பழைய பதிப்புகளில் ஆபிரகாம் லிங்கன் கி.மு. 4000 இல் அமெரிக்கக் குடியை நடத்திச் சென்றார். அந்த அபத்தத்தோடு ஒப்பிட்டால் அடுக்கு என்பது எவ்வளவோ மேல். (லண்டனின் மூன்றாம் அடுக்கான பிரித்தானியா மட்டும் பெட்டியில் இல்லை, 2025 மார்ச்சில் தனி விலைக்கு விற்கப்பட்டது. அடுக்கு ஒவ்வொன்றுக்கும் விலைச்சீட்டு உண்டு போலும்.)

இந்த எண்ணமும் முற்றிலும் புதிதன்று. பாரிசின் ஆம்ப்ளிட்யூட் நிறுவனம் உருவாக்கி 2021 இல் வெளியான ஹியூமன்கைண்ட் விளையாட்டில் இதே மாற்றம் இருந்தது. இதே வருத்தத்தை ஆடுவோர் அன்றும் சொன்னார்கள். 2024 ஆகஸ்டில் ஏழாம் பதிப்பை முதன்முதலில் காட்டியபோது, எகிப்தியருக்குப் பின் சொங்காய், அதற்குப் பின் புகாண்டா என்றொரு தடத்தைக் காட்டினார்கள். நைல் கரை எகிப்துக்கும் நைஜர் கரைச் சொங்காய்க்கும் இடையே சகாரா பாலை கிடக்கிறது. ஒரே கண்டம் என்பதைத் தவிர என்ன உறவு என்று அப்போதே கேள்வி எழுந்தது.

நம்முடைய தடத்துக்கு வருவோம். மௌரியருக்குப் பின் சோழர் என்பதற்கு எதிரான முதற்சாட்சி அசோகரே. அவருடைய இரண்டாம் பாறைக் கட்டளையும் பதின்மூன்றாம் பாறைக் கட்டளையும் சோழரையும் பாண்டியரையும் தம் ஆட்சிக்கு வெளியே, எல்லைக்கு அப்பால் வாழ்வோராகவே குறிப்பிடுகின்றன. அதாவது, கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் மௌரியரும் சோழரும் ஒரே காலத்தவர், அயலவர். ஒருவர் மற்றவராக மாறியதில்லை. பிறகு முகலாயர்: சோழர் ஆட்சி முடிந்து இருநூற்றைம்பது ஆண்டுகள் ஆகும் வேளையில்தான் 1526 இல் பாபர் பானிப்பட்டில் வென்றார். முகலாயப் படை செஞ்சிக் கோட்டையைப் பிடித்தது 1698 இல். அப்போது தஞ்சையில் இருந்தவர்கள் மராட்டியர். 'இந்தியா' என்ற இன்றைய வரைபடத்தை மூவாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னோக்கி விரித்துப் போட்டால்தான் இந்த மூவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள்.

சோழர் பகுதியைச் செய்தவர்கள் படிக்காமல் செய்யவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கப்பலுக்குக் கலம் என்றே பெயர். அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற இரு கட்டடங்களை ஒரே கட்டத்தில் எழுப்பினால் 'ஐந்நூறு பிரபுக்கள்' என்ற வணிகப் பகுதி உருவாகிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவரைத்தான் இப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள். அவர்கள் சுமத்திராவின் பாரூசில் 1088 ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டை விட்டுச் சென்றவர்கள். அமெரிக்க விளையாட்டு ஒன்றில் மணிக்கிராமம் என்ற சொல்லைக் கண்டபோது என் உள்ளம் துள்ளியதை மறைக்க மாட்டேன். இருந்தாலும் ஆசிரியன் ஆசிரியன்தானே: அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் சேர்ந்து தோன்றும் புகழ்பெற்ற ஆவணம் கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு. 849 ஆம் ஆண்டைச் சேர்ந்த அது சேரன் தாணு இரவி காலத்தது, சோழருடையது அன்று. வணிகனுக்கு ஒற்று என்று பெயர் வைத்திருப்பதைக் கண்டு திருக்குறள் படித்தவர் எவரும் ஒரு கணம் திகைப்பார். ஒற்றர் வணிகர் வேடத்தில் திரிவது உண்டு என்று நாமே சமாதானம் செய்துகொள்ள வேண்டியதுதான்.

ஆடுவோர் சொல்லும் முறையீட்டின் சாரம் இது: 'நான் வளர்த்த குடியின் பெயரைப் பறித்துக்கொண்டாய்.' இதை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கினோரும் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. பெயர் வரலாற்றில் எப்படி நிலைக்கிறது என்பதை விளையாட்டு தலைகீழாகப் பிடித்திருக்கிறது.

சோழரையே பாருங்கள். உறையூரிலும் காவிரிப்பூம்பட்டினத்திலும் இருந்து ஆண்ட சங்ககாலச் சோழர் வேறு. ஏறத்தாழ 850 இல் தஞ்சையைப் பிடித்த விசயாலயன் வழி வந்தோர் வேறு. இடையே சில நூற்றாண்டுகள், பெரும்பாலும் இருள். களப்பிரர் வந்து போயினர். பல்லவரும் பாண்டியரும் காவிரி நாட்டுக்காக மோதினர். விளையாட்டின் மொழியில் சொன்னால் யுகம் மாறிவிட்டது. நகரம் சிற்றூர் ஆகிவிட்டது. ஆனால் இராசேந்திரன் காலத் திருவாலங்காட்டுச் செப்பேட்டைப் படியுங்கள். சூரியனில் தொடங்கி, மனு, சிபி என்று இறங்கி, கரிகாலனையும் கோச்செங்கணானையும் தொட்டு, விசயாலயனில் வந்து நிற்கிறது மரபு வரிசை. இடைவெளி ஓர் அடியில் தாண்டப்படுகிறது. கரிகாலன் விசயாலயனைத் தேர்ந்தெடுக்கவில்லை. விசயாலயன் வழியினர்தான் கரிகாலனைத் தேர்ந்தெடுத்தார்கள். தெலுங்கு நாட்டு ரேநாட்டுச் சோழரும் அதே கரிகாலனைத் தம் முன்னோன் என்று கொண்டாடினர். பின்வந்தோர் திரும்பிப் பார்த்து, முன்னோரை உரிமை கொண்டாடுவதால் பெயர் வாழ்கிறது.

விளையாட்டிலோ முன்னோர், தமக்குப் பின் யார் என்று ஒரு பட்டியலில் விரல் வைத்துத் தேர்கிறார்கள். இருந்தது சில புள்ளிகளாக மாற்றப்பட்டுக் கைக்கு வருகிறது. உலகில் எந்தக் குடியும் தான் இனி இன்னொரு குடியாகப் போகிறோம் என்று ஒரு நாள் காலை முடிவு செய்ததில்லை. மாறியவர்களுக்கு மாறியது தெரியாது, பேரப்பிள்ளைகளுக்குத்தான் தெரியும். ஆடுவோரைச் சுடுவது மாற்றம் அன்று, மாற்றம் நிகழும் அந்த ஒற்றைக் கணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சோழருக்குரிய அதிசயமாக விளையாட்டில் வருவது தஞ்சைப் பெரிய கோயில், பிரகதீஸ்வரர் ஆலயம் என்ற பெயரில். கல்வெட்டில் இராசராசன் அதற்கு இட்ட பெயர் இராசராசேச்சுரம். இன்றைய வடமொழிப் பெயர் பின்னாளில் வந்தது. அங்குள்ள பெரிய நந்தியின் மண்டபம் நாயக்கர் காலத்தது. மராட்டியர் தம் குலவரலாற்றை அதே கோயிலின் சுவரில் மராத்தியில் பொறித்தார்கள். கருவறையைச் சுற்றிய உட்சுற்றில் நாயக்கர் கால ஓவியங்கள் இருந்தன. 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி அங்கே நுழைந்து பார்த்தபோது, காரை பெயர்ந்த இடங்களில் அடியிலிருந்த சோழர் ஓவியம் வெளிப்பட்டது. முந்நூறு ஆண்டுகள் மேலே ஒரு படம், கீழே ஒரு படம். அடுக்கு என்றால் இதுவல்லவா அடுக்கு! இப்படியொரு சுவரை விளையாட்டில் காட்டியிருந்தால் என் மருமகன் இவ்வளவு சினந்திருக்க மாட்டான்.

முறையீடுகள் வீண்போகவில்லை. 2025 கோடையில், இதன் முன்னோர்களான ஐந்தாம், ஆறாம் பதிப்புகளை ஸ்டீமில் ஆடியோர் தொகை ஏழாம் பதிப்பை ஆடியோர் தொகையைப் பலநாள் விஞ்சி நின்றது. யுகமாற்றத்தின் கடுமையைக் குறைக்கும் திருத்தங்கள் வந்தன. அவ்வாண்டு செப்டம்பரில் ஃபிராக்சிஸ் நிறுவனத்தில் ஆட்குறைப்பும் நடந்தது. வடிவத்தை முடிவு செய்தவர்களைத்தான் அது தொட்டதா என்பது வேறு கேள்வி. ஆண்டின் இறுதியில், ஒரே நாகரிகத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை நடத்தும் வழியைச் சோதித்து வருவதாக நிறுவனம் அறிவித்தது.

இச்செய்தியை மருமகன்தான் தொலைபேசியில் சொன்னான். "இனிமே சோழரை கி.மு.விலிருந்தே ஆடலாம் போல, மாமா" என்றான் மகிழ்ச்சியோடு. "நடுவில் களப்பிரர் வருவார்களா?" என்று கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. "யார் மாமா அவங்க?" என்றான்.