போதும் என்ற மனம்: இல்லறத்தாருக்கு வகுத்த ஓர் ஒழுங்கு

போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து என்பது நம் பழமொழி. ஆனால் இம்மருந்தை நாம் யாருக்குக் கொடுக்கின்றோம்? பெரும்பாலும் ஏழைக்கே. கூலி போதவில்லை என்பவனிடம், உள்ளதைக் கொண்டு திருப்தி அடையச் சொல்கின்றோம். நிறைய உள்ளவனிடம் அதைச் சொல்லத் துணிவதில்லை. திருச்சபையின் வரலாறோ இம்மருந்தை முதலில் யார் உட்கொள்ள வேண்டும் என்று வேறு விதமாகக் காட்டுகின்றது.

12-ம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலிய நகரங்களில் வாணிபம் செழித்தது. பொற்காசும் பட்டாடையும் மதிப்பின் அடையாளங்களாயின. அசிசி நகரில் பியெத்ரோ பெர்னர்தோனே என்பவர் செல்வமிக்க துணி வணிகர். அவருடைய மகனே புனித பிரான்சிஸ் அசிசியார். 1206-ம் ஆண்டில் ஆயர் முன்னிலையில் தாம் உடுத்தியிருந்த ஆடைகளையும் களைந்து தந்தையிடம் கொடுத்துவிட்டு, வறுமையைத் தழுவிக்கொண்டார். இதை நாம் அனைவரும் அறிவோம்.

அவரைப் பின்பற்ற விரும்பியவர்களுள் மனைவி மக்களும், கடையும், வயலும் உடையவர்கள் பலர் இருந்தனர். எல்லாவற்றையும் துறந்து போக அவர்களால் இயலாது. தங்கள் வீடுகளிலேயே வாழ்ந்து தபம் செய்யும் இத்தகைய சகோதர சகோதரிகளுக்காக 1221-ம் ஆண்டில் ஓர் ஒழுங்கு வகுக்கப்பட்டது. மூன்றாம் சபை என்று நம் பங்குகளில் வழங்கிய சபைக்கு இதுவே தொடக்கம்.

அவ்வொழுங்கைப் படிப்போர் வியப்படைவர். திருப்தி என்னும் புண்ணியத்தைப் பற்றிய நீண்ட பிரசங்கம் அதில் இல்லை. உறுப்பினர் சாயம் தோய்க்காத எளிய துணியையே உடுத்த வேண்டும். அத்துணியின் விலைக்கும் உச்ச வரம்பு உண்டு. சபையில் சேருமுன் கடன்களைத் தீர்க்க வேண்டும். பிறர் பொருள் கையில் இருந்தால் திருப்பித் தர வேண்டும். அயலானோடு ஒப்புரவாக வேண்டும். சேர்ந்தபின் மூன்று மாதத்திற்குள் உயில் எழுத வேண்டும். கொல்லும் ஆயுதம் ஏந்தலாகாது. மாதந்தோறும் ஆளுக்கு ஒரு காசு பொருளாளரிடம் செலுத்த வேண்டும். அப்பணம் வறிய உறுப்பினருக்கும், சிறப்பாக நோயுற்றோருக்கும், அடக்கச் செலவுக்கு வழியற்றோருக்கும் போய்ச் சேரும்.

புனித சின்னப்பர் சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதுகையில், எந்நிலையிலும் மனநிறைவோடு இருக்கத் தாம் கற்றுக்கொண்டதாகக் கூறுகின்றார். கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றுக்குப் பயிற்சி தேவை. அசிசி நகரின் கடைக்காரனுக்கு அப்பயிற்சி துணியின் விலையிலும் கடன் கணக்கிலும் தொடங்கியது.

இம்மூன்றாம் சபையின் பாதுகாவலியாக வணங்கப்படுபவர் புனித எலிசபெத்தம்மாள். 1207-ம் ஆண்டில் ஹங்கேரி மன்னரின் மகளாகப் பிறந்து, ஜெர்மனியில் துரிங்கியா நாட்டை ஆண்ட லுத்விக்கின் மனைவியானார். அரண்மனைப் பந்தியில் அமரும்போது, இவ்வுணவு எங்கிருந்து வந்தது என்று விசாரிப்பார். குடியானவர்களிடம் அநியாயமாய்ப் பறித்த வரியினால் வந்தது என்று அறிந்தால் அதைத் தொடமாட்டார். பல வகை உணவுகள் நிறைந்த பந்தியில் பட்டினியாக அவர் அமர்ந்திருந்ததும் உண்டு. அவருடைய பணிப்பெண்களே பின்னர் இதைச் சாட்சியாகக் கூறினர். 1226-ல் பஞ்சம் வந்தபோது, கணவர் வெளிநாட்டில் இருக்க, களஞ்சியங்களைத் திறந்து ஏழைகளுக்குத் தானியம் வழங்கினார். மறு ஆண்டு விதவையானார். 1228-ல் மார்பூர்க் நகரில் மருத்துவமனை அமைத்து, நோயாளரைத் தம் கைகளாலேயே பராமரித்தார். 1231-ல் தம் 24-ம் வயதில் மரித்தார். நான்கே ஆண்டுகளில் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது.

இந்த உணர்வு தனி மனிதரோடு நின்றுவிடவில்லை. அதிக வட்டிக்குக் கடன் வாங்கி ஏழைகள் நலிவதைக் கண்ட பிரான்சிஸ்கன் துறவிகள், 1462-ல் இத்தாலியின் பெரூஜா நகரில் ஓர் அடகு நிலையம் தோன்றக் காரணமாயினர். எளிய மக்கள் சிறு பொருளை அடகு வைத்து, குறைந்த வட்டிக்குக் கடன் பெற்றனர். வேறு பல நகரங்களிலும் இத்தகைய நிலையங்கள் எழுந்தன. 1515-ல் ஐந்தாம் லாத்தரன் சங்கம் இவற்றை ஏற்றுக்கொண்டது. உள்ளவன் போதும் என்று நிறுத்திக்கொண்டால்தான் இல்லாதவனுக்கு வழி பிறக்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

இன்று கையிலுள்ள தொலைபேசியே கடைவீதியாகிவிட்டது. தேவை தோன்றுமுன்பே தவணையில் பொருள் வீடு வந்து சேர்கின்றது. கல்யாணமும் புதுநன்மையும்கூடக் கடன் வாங்கிச் செய்யும் ஆடம்பரங்களாகின்றன. இந்நிலையில் அந்தப் பழைய ஒழுங்கின் கேள்விகளை நம் இல்லங்களில் எழுப்புவோமா? இதன் விலை என்ன? யாருடைய வியர்வையில் வந்தது? யாருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்? மாதம் ஒரு பங்கு ஏழைக்கு எடுத்து வைத்தேனா?

ஜூபிலி என்பது பழைய ஏற்பாட்டில் விற்ற நிலம் உரியவனிடம் திரும்பி வரும் ஆண்டு. அடிமை தன் வீடு திரும்பும் ஆண்டு. ஆகவே வேலையாளுக்குத் தர வேண்டிய கூலி பாக்கி இருந்தால் அதைத் தீர்ப்பதும் ஜூபிலிக் கொண்டாட்டமே. அதைத் தீர்த்தபின், போதும் என்னும் சொல்லை நாம் பிறருக்குத் தயங்காமல் சொல்லலாம்.