திருச்சிராப்பள்ளி வானூர்தி நிலையமும் கடல்கடந்த தமிழர் போக்குவரவும்

நகரம் வளர்ந்தபின் அதற்கு வானூர்தி நிலையம் அமைகிறது என்பதும், நகரம் மேலும் வளர அந்நிலையமும் விரிவடைகிறது என்பதும் பொதுவாக வழங்கிவரும் கருத்துகளாம். கோயம்புத்தூர் போன்ற தொழில் நகரங்களுக்கு இக்கருத்துப் பெரிதும் பொருந்தும். திருச்சிராப்பள்ளிக்கோ அது முழுதும் பொருந்துவதன்று. இந்நிலையத்தில் உள்நாட்டிற் செல்வோரினும் வெளிநாடு செல்வோரே மிகுதி. இந்தியாவில் இவ்வியல்புடைய நிலையங்கள் மிகச் சிலவே. ஓர் உள்நாட்டு நகரம், கடற்கரையும் இல்லாத நகரம், கடல்கடந்து செல்வோரின் வாயிலாக எவ்வாறு ஆயிற்று என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் பொருள். தமிழர் கடல்கடந்து சென்ற பழைய துறைகள் இரண்டு அழிந்தும் அடைபட்டும் போனபின், அவற்றின் உரிமையை ஏற்றது இவ்வானூர்தி நிலையமே என்பது நம் கருத்து.

முதற்கண் சொல்லைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். ‘விமானம்’ என்பது கோயிற் கருவறையின் மேலமைந்த கட்டடத்திற்கும், வானிற் பறக்கும் ஊர்திக்கும் பொதுவாக வழங்கும் சொல். ‘வான ஊர்தி’ என்னும் தொடர் புறநானூற்றிலேயே உண்டு. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் தேவியைத் தப்புவிக்கச் செய்வித்த மயிற்பொறி யாவரும் அறிந்ததே. இவற்றைக் கொண்டு பண்டைத் தமிழர் பறக்கும் பொறி செய்தனர் என நிறுவ முயல்வார் உளர். அது கவிஞரின் கற்பனைக்கும் வரலாற்றுக்கும் தீங்கு செய்வதாகும். எனினும் திருச்சிராப்பள்ளியைப் பொறுத்தவரை ஒரு தலபுராணச் செய்தியைச் சுட்டாமல் செல்ல மனம் வரவில்லை. வீடணன் இராமனிடமிருந்து பெற்ற அரங்க விமானத்தை அயோத்தியினின்றும் இலங்கைக்குக் கொண்டு செல்கையில், காவிரியின் இடையே இறக்கி வைக்க, அது பெயராது அங்கேயே நிலைத்துவிட்டது என்பது திருவரங்கத்தின் கதை. இறைவன் இலங்கையை நோக்கித் தெற்கு முகமாகப் பள்ளி கொண்டான் என்றும் கூறுவர். புராணம் சான்றாகாது. ஆயினும் காவிரிக்கரையையும் இலங்கையையும் ஒரே வழியில் வைத்து எண்ணும் வழக்கம் இவ்வூர் மக்களிடம் பழமையானது என்பதற்கு அதுவே போதும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். வானூர்தி வருமுன் தமிழ்நாட்டிலிருந்து வெளிநாடு செல்லும் பொதுமக்களுக்குச் சென்னை நீங்கலாக இரு வாயில்கள் முதன்மையாக இருந்தன. ஒன்று நாகப்பட்டினம், மற்றொன்று தனுஷ்கோடி. பினாங்குக்கும் மலேயாவின் பிற துறைகளுக்கும் கப்பல் ஏறியோர் நாகையில் ஏறினர். இலங்கைத் தோட்டங்களுக்கும் கொழும்புக் கடைகளுக்கும் சென்றோர் மண்டபம் முகாமில் நோய்ச் சோதனைக்கு உட்பட்டுத் தனுஷ்கோடி வழியாகச் சென்றனர். 1914-ஆம் ஆண்டிற் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், சென்னையிலிருந்து வரும் ‘போட் மெயில்’ என்னும் தொடர்வண்டி தனுஷ்கோடி வரை ஓடிற்று; அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல்; அதன்பின் மீண்டும் தொடர்வண்டி. இவ்விரு வாயில்களுக்கும் செல்லும் இருப்புப்பாதைகள் கூடும் இடமாகவும், தென்னிந்திய இருப்புப்பாதை நிறுவனத்தின் தலைமையிடமாகவும் திருச்சிராப்பள்ளி விளங்கிற்று. தஞ்சை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளிலிருந்து கடல்கடந்தோர் மூட்டை முடிச்சுகளுடன் வண்டி மாறிய ஊர் இது. கொண்டுவிற்கச் சென்ற செட்டிநாட்டாரும், கூலிக்குச் சென்ற உழவரும் இதில் வேறுபாடு அற்றவர்களே.

டாட்டாவின் முறையான வான்வழி அஞ்சல் 1932 அக்டோபர் 15 அன்று தொடங்கிற்று. கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு ஜே. ஆர். டி. டாட்டா ‘பஸ் மாத்’ என்னும் சிறு வானூர்தியை ஓட்டி வந்தார். பம்பாயிலிருந்து பல்லாரி வழியாகச் சென்னைக்கு அதனை ஓட்டிச் சென்றவர் நெவில் வின்சென்ட். அதன் சுமை அஞ்சற் பைகளே. ஆறாண்டு கழித்து, பிரித்தானியப் பேரரசு முழுவதும் கடிதங்களைத் தனிக் கட்டணமின்றி வான்வழியே அனுப்பும் திட்டம் வந்தபோது, 1938 பிப்ரவரியில் இவ்வழி சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளி வழியாகக் கொழும்பு வரை நீட்டப்பட்டது. இது நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாத செய்தி. திருச்சிராப்பள்ளி வான்வழி வரைபடத்தில் இடம்பெற்றது அந்நகரின் பொருட்டன்று, கொழும்பின் பொருட்டு. சென்னைக்கும் கொழும்புக்கும் நடுவே அக்காலச் சிறு வானூர்தி இறங்கி எரிபொருள் பெறத் தக்க இடமாக அது இருந்தது. கடிதங்களை எழுதியோரும் பெறுவோரும் முன்னரே அங்குப் போய் வந்தவர்கள்தாம்.

இலங்கையின் அரசு நிறுவனமாகிய ஏர் சிலோன் 1947 டிசம்பர் 10 அன்று தன் முதற் பயணத்தை இரத்மலானையிலிருந்து தொடங்கிற்று. காங்கேசன்துறை என அப்போது வழங்கிய பலாலி நிலையத்தில் இறங்கிச் சென்னைக்குச் சென்றது அவ்வானூர்தி. பலாலி நிலையம் இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படைக்காக அமைக்கப்பட்டது. பின்னர்த் திருச்சிராப்பள்ளியும் ஏர் சிலோனின் வழியிற் சேர்ந்தது. 1949 டிசம்பரில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அந்நிறுவனத்தின் டக்கோட்டா ஒன்று திருச்சியில் இறங்கும்போது பழுதுற்றது, உயிர்ச்சேதம் இல்லை. விபத்துச் செய்தி வரலாறு எழுதுவார்க்கு ஒருவகையில் உதவுகிறது. நாள்தோறும் நன்கு நடப்பதை எவரும் குறித்து வைப்பதில்லை. ஒருநாள் தவறியதையே குறித்து வைக்கின்றனர். அக்குறிப்பால் 1949-லேயே யாழ்ப்பாணத்திற்கும் திருச்சிக்கும் இடையே நேர்வழி இருந்தமை உறுதியாகிறது.

தொலைவைக் கருதினால் இதில் வியப்பில்லை. திருச்சியிலிருந்து பலாலி நேர்கோட்டில் ஏறத்தாழ 185 கிலோமீட்டர். சென்னையோ ஏறத்தாழ 290 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்தார்க்குத் திருச்சி கொழும்பினும் அண்மையது.

1953 ஆகஸ்டில் இந்தியாவின் உள்நாட்டு நிறுவனங்கள் எட்டும் ஒன்றாக்கப்பட்டு இந்தியன் ஏர்லைன்ஸ் எனப்பட்டன. அதனால் திருச்சியின் நிலை பெரிதும் மாறிவிடவில்லை. நிலையின் மாற்றத்திற்குக் காரணம் வானில் நிகழ்ந்ததன்று, கடலில் நிகழ்ந்தது. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவில் எழுந்த பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. அங்குச் சென்ற தொடர்வண்டியும் பயணிகளுடன் கடலுள் மூழ்கிற்று. பாம்பன் பாலம் விரைவில் செப்பனிடப்பட்டது, தனுஷ்கோடி மீளவில்லை. இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் சில காலம் ஓடி, இலங்கையின் உள்நாட்டுப் போரால் 1980-களின் நடுவில் நின்றது. மற்றொரு வாயிலும் ஏறத்தாழ அதே காலத்தில் அடைபட்டது. மலேசியா, சிங்கப்பூர்ப் பயணிகளை ஏற்றிவந்த ‘சிதம்பரம்’ கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றியது, பலர் மாண்டனர். அதனோடு அவ்வழியிற் பயணிகள் கப்பற் போக்குவரவு முடிவுற்றது.

இவ்வாறு இருபத்தோராண்டுக்குள் இரு துறைகளும் மறைந்தன. மக்கள் போக்குவரவு மறையவில்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உறவுடையோர் திருமணத்திற்கும் இறப்பிற்கும் வந்தே தீரவேண்டும். அவர்கள் சென்னைக்குப் பறந்து, அங்கிருந்து ஓரிரவுப் பயணமாகத் தஞ்சைக்கும் காரைக்குடிக்கும் சென்றனர். சென்னை அவர்களுக்கு ஊருமன்று, வழியுமன்று, சுற்று.

இச்சுற்று நீங்கியது எதிர்பாராத ஒரு முடிவினால். 2003-ஆம் ஆண்டில் இந்திய அரசு, தென்கிழக்காசிய நாடுகளின் வானூர்தி நிறுவனங்கள் தடையின்றி வந்து செல்லலாம் எனப் பதினெட்டு ஊர்களை அறிவித்தது. அவை சுற்றுலாத் தலங்கள் என்னும் பெயரிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டன. கயையும் கஜுராகோவும் அப்பட்டியலில் உள. திருச்சிராப்பள்ளியும் அதில் இடம்பெற்றது. அரசு எண்ணியது கோயில் காண வரும் வெளிநாட்டாரை. வந்தவர்களோ பெரும்பாலும் இவ்வட்டாரத்து மக்களின் பேரப்பிள்ளைகளும், வேலை தேடிப் புறப்பட்ட இளைஞரும் ஆவர். மலேசியாவின் ஏர் ஏசியா 2008 டிசம்பரில் இந்தியாவிற்கு முதன்முதல் வானூர்தி அனுப்பியபோது, அது தில்லிக்கோ மும்பைக்கோ சென்னைக்கோ அனுப்பவில்லை. கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கே அனுப்பிற்று. வணிகர் கணக்கு ஆட்சியாளர் கணக்கினும் நுட்பமானது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. வளைகுடா நாடுகளோடு செய்த உடன்படிக்கைகளில் திருச்சிக்கு அத்தகைய இடம் கிடைக்கவில்லை. ஆதலின் துபாய், சார்ஜா முதலிய ஊர்களுக்குச் செல்வோர் இந்திய நிறுவனங்களையே நம்பியிருக்க நேர்ந்தது.

நிலைய விரிவு இவற்றின்பின் வந்தது, முன்வரவில்லை. 2009-ல் ஒரு புதிய பயணியர் முனையம் திறக்கப்பட்டது. 2012 அக்டோபரில் நடுவணரசு இதனைப் பன்னாட்டு வானூர்தி நிலையமாக ஏற்றது. அதற்குப் பல ஆண்டு முன்னரே பன்னாட்டுப் பயணிகள் வந்துகொண்டிருந்தனர்; பெயர்தான் பிந்தி வந்தது. 2019 பிப்ரவரியில் மேலும் ஒரு முனையத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1,100 கோடி உரூபாய்க்கு மேற்பட்ட செலவில் எழுந்த அக்கட்டடம் 2024 ஜனவரி 2 அன்று திறந்துவைக்கப்பட்டு, அவ்வாண்டு ஜூனில் பயன்பாட்டிற்கு வந்தது. ஆண்டுக்கு 44 இலட்சம் பயணிகளையும், நெருக்கடியான வேளையில் மணிக்கு ஏறத்தாழ 3,500 பேரையும் ஏற்கத்தக்கது. திருவரங்கக் கோபுரத்தின் சாயலும் கோல வண்ணங்களும் அதில் அமைக்கப்பட்டுள்ளன. கண்டோர் மகிழ்வர். நாமும் மகிழ்ந்தோம்.

கட்டடம் மும்முறை வளர்ந்ததற்கு ஏற்ப ஓடுதளம் வளரவில்லை என்பதே குறை. அது ஏறத்தாழ 2,480 மீட்டர் நீளமுடையது. இடைத்தர வானூர்திகளுக்கு இது போதும். பெருவானூர்தி முழு எரிபொருளும் முழுச் சுமையும் ஏற்றிக்கொண்டு எழுவதற்கோ போதாது. வெப்பம் மிகுந்த இடத்தில் காற்றின் அடர்த்தி குறையும். அடர்த்தி குறைந்தால் இறக்கை தாங்கும் ஆற்றலும் பொறியின் உந்துவிசையும் குறையும். ஆதலின் ஓடவேண்டிய தொலைவு கூடும். திருச்சியின் கோடையை அறிந்தார்க்கு இதனை விரிக்க வேண்டா. ஓடுதளத்தை நீட்டுதற்குரிய நிலத்தில் பாதுகாப்புத் துறைக்குரியதும் தனியார்க்குரியதும் உண்டு. அதனைப் பெறும் முயற்சி பல்லாண்டாக இழுபட்டு வந்துள்ளது. நிலம் இழப்போர் தம் வீட்டையும் வயலையும் எண்ணி விரைந்து இசையாமையைக் குறை கூறுவது முறையன்று. அலுவலகங்கள் தம்முள் மாற்றிக்கொள்ள வேண்டிய நிலத்திற்கும் இத்துணைக் காலம் ஆயிற்று என்பதுதான் விளங்கவில்லை.

2018 அக்டோபர் 12-ஆம் நாள் நள்ளிரவுக்குப்பின் துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் வானூர்தி நிலையத்தின் சுற்றுச்சுவரை மோதி, உடைந்த அடிப்பகுதியுடன் பறந்து மும்பையில் இறங்கியது. அதிலிருந்த 136 பேரும் உயிர் பிழைத்தனர். ஓடுதளம் குறுகியதே காரணம் என ஊரிற் பேசினர், இன்றும் பேசுகின்றனர். விசாரணை கண்டது வேறு. ஓடுதளத்தில் விரைந்து செல்கையில் விமானியின் இருக்கைச் சாய்மானம் சரிந்ததால், பொறியின் விசை அறியாமற் குறைக்கப்பட்டது என்பதே அதன் முடிவு. ஓடுதளத்தை நீட்டவேண்டும் என்பதற்கு நல்ல காரணங்கள் பல உள. இந்நிகழ்ச்சியை அவற்றுள் ஒன்றாக்குதல் தகாது.

அண்டை ஊர்களுக்குச் செல்லும் சிறு வானூர்திச் சேவையைப் பற்றியும் கூற வேண்டும். ஏர் சிலோன் 1970-களின் இறுதியில் மறைந்தது. பலாலி படைத்தளமாயிற்று. 1990-ல் அதனைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்தம் வீடும் விளைநிலமும் உயர் பாதுகாப்பு வலயம் எனப்பட்டன. 1998 செப்டம்பரில் அங்கிருந்து புறப்பட்ட லயன் ஏர் வானூர்தி கடலில் வீழ்த்தப்பட்டு 55 பேர் மாண்டனர். போர் முடிந்து பத்தாண்டின்பின், 2019 அக்டோபர் 17 அன்று பலாலி யாழ்ப்பாணப் பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் நிறுவனத்தின் ஏ.டி.ஆர். வானூர்தி சென்று இறங்கிற்று. பெருந்தொற்றால் 2020-ல் நின்ற அச்சேவை 2022 டிசம்பரில் மீண்டது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரிற் கப்பலும் விடப்பட்டது. 2025 மார்ச் 30 முதல் இண்டிகோ நிறுவனம் திருச்சிக்கும் யாழ்ப்பாணத்திற்கும் நேர்சேவை தொடங்கியது. ஏ.டி.ஆர்., பழைய டக்கோட்டாவைப் போன்றே இரு சுழல்விசிறிகளால் இயங்குவது. குறுகிய ஓடுதளமே அதற்குப் போதும். பல இதழ்கள் இதனைப் புதிய வழி என எழுதின. 1949-ஆம் ஆண்டின் விபத்துக் குறிப்பைக் கண்டோர் அவ்வாறு எழுதார்.

இவ்வழியிற் செல்லக் கடவுச்சீட்டு வேண்டும். திருச்சி நிலையத்திற்கு அண்மையில் கொட்டப்பட்டு என்னும் இடத்தில் இலங்கையிலிருந்து வந்த தமிழரின் முகாம் ஒன்று உள்ளது. அங்கு வாழ்வோருட் பலர் மலையகத் தோட்டங்களிற் பணிசெய்தவரின் வழியினர். அம்முன்னோர் தனுஷ்கோடி வழியே கடல்கடந்து சென்றவர்கள். முகாமிற் பிறந்து வளர்ந்தோர்க்கும் இரு நாட்டுக் குடியுரிமையும் உறுதியாகாத நிலை பலகாலம் இருந்து வந்துள்ளது. அதனை நாடி அவர்களுட் சிலர் நீதிமன்றம் சென்றுள்ளனர். யாழ்ப்பாணத்து வானூர்தி அவர்கள் கூரைக்கு அண்மையில் எழுந்து செல்கிறது.