விமானிகள் சங்கப் பேச்சுவார்த்தை (மலேசியா, சிங்கப்பூர்)

சம்பளம், பறப்பு நேரம், ஓய்வு குறித்துக் கூட்டு ஒப்பந்தம் காண, விமான நிறுவனமும் விமானிகள் சங்கமும் நடத்தும் பேச்சு. பெரும்பாலும் கதவைச் சாத்திக்கொண்டே நடக்கும்.

லிவர்பூல் ஓஷன் ஸ்டீம்ஷிப், ஸ்ட்ரெய்ட்ஸ் ஸ்டீம்ஷிப், இம்பீரியல் ஏர்வேஸ் மூன்றும் சேர்ந்து 1937இல் மலாயன் ஏர்வேசைப் பதிவு செய்தன. விமானம் பறக்கப் பத்தாண்டு ஆயிற்று. 1947 மே 1 முதல் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர், ஈப்போ, பினாங்குக்கு வாராந்திரச் சேவை. ஏர்ஸ்பீட் கான்சல் விமானத்தில் ஐந்து பயணிகளுக்கே இடம். இந்நிறுவனமே பின்னர் 1972இல் மலேசியாவின் மாஸ் என்றும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்றும் பிரிந்தது; எனவே இரண்டின் சங்க வரலாற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மலேசியாவின் 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டம் பதவி உயர்வு, இடமாற்றம், ஆட்குறைப்பு, பணி ஒதுக்கீடு ஆகியவற்றைச் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க விடவில்லை. எஞ்சியது பெரும்பாலும் பணமும் ஓய்வும். எந்தத் தொகைவரை இறங்கி வரலாம் என்பதைச் சங்கம் மறைக்கும்; எவ்வளவு தர இயலும் என்பதை நிர்வாகம் மறைக்கும். வேலைநிறுத்தத்துக்கு உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கினர் இரகசிய வாக்கெடுப்பில் இசைய வேண்டும். ஆனால் கையெழுத்தான ஒப்பந்தத்தை ஒரு மாதத்துக்குள் தொழில் நீதிமன்றத்தில் ஒப்படைத்தாக வேண்டும். மறைவெல்லாம் அதுவரைதான்.

விமானிகளின் கைவசமிருந்த ஆயுதம் 'விதிப்படி வேலை': சட்டம் கேட்பதற்கு மேல் ஒரு மணிநேரமும் பறப்பதில்லை. 1979இல் மாசில் இதைக் கையாண்டது விமானிகள் அல்லர், விமான ஊழியர் சங்கம். தலைவர்கள் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் கைதாயினர்; சங்கப் பதிவு பறிபோனது; அடுத்த ஆண்டே தொழிலாளர் சட்டங்கள் இறுக்கப்பட்டன. சிங்கப்பூரில் 1980 இறுதியில் விமானிகளே இதில் இறங்கினர். அவர்கள் சங்கமும் மறு ஆண்டு பதிவிழந்தது.

சார்ஸ் நோய்க்காலச் சம்பளக் குறைப்புக்கு இணங்கிய, பின்னர் அமைந்த சங்கத்தின் செயற்குழுவைச் சிங்கப்பூர் விமானிகள் 2003 நவம்பரில் வாக்களித்து நீக்கினர். 2004இல் அரசு சட்டத்தைத் திருத்தியது: உறுப்பினர் ஒப்புதல் இல்லாமலே செயற்குழு ஒப்பந்தம் செய்யலாம். சொந்த உறுப்பினரிடமே பேச்சை மறைக்க இது வழிவிட்டது.

2015இல் மாசின் பணிகளை ஏற்ற புதிய நிறுவனம் அதன் வாரிசு முதலாளி அன்று எனத் தனிச்சட்டம் கூறியது. 2024 செப்டம்பர் 15 முதல் மலேசியாவில் ஒரே நிறுவனத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இயங்கலாம்.