காற்று சுமந்த பஞ்சும், கண்ணுக்குத் தெரியும் குழாயும்

"காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்பது எல்லோருக்கும் தெரிந்த பழமொழி. வில்லியனூர், பாகூர் பக்கத்துக் களத்துமேடுகளில் நெல் தூற்றியதைப் பார்த்தவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. முறத்தில் நெல்லை உயர்த்திப் பிடித்துச் சரித்தால் கனமான மணி நேராகக் காலடியில் விழும். பதரும் தூசியும் காற்றோடு தள்ளிப் போய் விழும்.

இந்தச் சாதாரணக் காட்சிக்குள் ஒரு பெரிய தொழில்நுட்பம் ஒளிந்திருக்கிறது. காற்று போதுமான வேகத்தில் வீசினால் நெல்மணியையும் தூக்கிக்கொண்டு போகும். அந்தக் காற்றை ஒரு குழாய்க்குள் அடைத்துவிட்டால், பொருளை வேண்டிய இடத்துக்கு அனுப்பலாம். இதைத்தான் தொழிற்சாலைகளில் 'நியூமேட்டிக் கன்வேயிங்' என்கிறார்கள்.

இப்படிக் கடிதங்கள்கூடப் பயணம் செய்திருக்கின்றன! பாரிஸ் நகரில் 1866 முதல் 1984 வரை, சிறு உருளைகளில் அடைத்த கடிதங்கள் காற்றழுத்தத்தால் நிலத்தடிக் குழாய்களில் ஓடின. பிராக் நகரத்தின் குழாய் அஞ்சல் 2002 வெள்ளம் வரை இயங்கியது. 1890களில் லண்டன் மில்வால் துறைமுகப் பொறியாளர் டக்கம், கப்பலில் இருந்த தானியத்தையே குழாயால் உறிஞ்சி எடுக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். அதுவரை கூடையிலும் மூட்டையிலும் தானியம் இறக்கிய கூலித் தொழிலாளிகளின் வேலையைக் காற்று எடுத்துக்கொண்டது.

புதுச்சேரியில் இந்தக் கதை பஞ்சோடு தொடங்குகிறது. பிரெஞ்சு ஆட்சியின் 19ஆம் நூற்றாண்டில் இங்கே பஞ்சாலைகள் எழுந்தன. இங்கு தயாரான நீலத்துணி, 'கினி துணி' என்ற பெயரில் மேற்கு ஆப்பிரிக்கா வரை கப்பலேறியது. சவானா மில், கெப்ளே மில், 1898இல் தொடங்கிய ரோடியர் மில் ஆகிய மூன்றும்தான் ஊரின் பிழைப்பாக இருந்தன. இவை பின்னாளில் சுதேசி, பாரதி, ஏ.எஃப்.டி. என்று பெயர் மாறின.

பஞ்சாலையின் முதல் கூடத்துக்குப் பெயர் புளோ ரூம். இறுக்கிக் கட்டிய பஞ்சுப் பேலை அங்கே பிரிப்பார்கள். முட்கள் கொண்ட உருளைகள் அதைச் சிறு சிறு கொத்துகளாக உடைக்கும். பின்பு விசிறி இழுக்கும் காற்று, அந்தக் கொத்துகளை ஓர் இயந்திரத்திலிருந்து அடுத்த இயந்திரத்துக்குக் குழாய் வழியே கொண்டுசெல்லும். விதைத்துண்டு, மண், இலைத்தூள் எல்லாம் வழியில் உதிரும். களத்துமேட்டில் நடந்த அதே தூற்றுதல்தான், கூரைக்கு அடியில் இயந்திரத்தோடு நடந்தது.

ஆனால் களத்துமேட்டில் தூசி வெட்டவெளிக்குப் போய்விடும். மூடிய கூடத்தில் அது எங்கே போகும்? தொழிலாளியின் நுரையீரலுக்குத்தான். பஞ்சுத்தூசியை நெடுநாள் சுவாசிப்பவர்களுக்கு 'பிசினோசிஸ்' என்ற நோய் வரும். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும். அதனால் இதை 'திங்கட்கிழமைக் காய்ச்சல்' என்றும் அழைத்தார்கள். ஆண்டுகள் போகப் போக அந்த இறுக்கம் எல்லா நாட்களுக்கும் பரவி, கடைசியில் நிரந்தர மூச்சுத்திணறலாகிவிடும்.

எனவே பஞ்சாலையில் 'எத்தனை மணி நேர வேலை' என்ற கேள்வி கூலிக்கணக்கு மட்டுமல்ல. ஒரு மனிதன் எத்தனை மணி நேரம் அந்தத் தூசியைச் சுவாசிக்க வேண்டும் என்ற கேள்வியும் அதற்குள் இருந்தது. 1936 ஜூலை 30 அன்று, வ. சுப்பையா தலைமையில் உரிமை கேட்டுப் போராடிய தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு ஆட்சியின் படை துப்பாக்கிச் சூடு நடத்தியது. 12 பேர் உயிரிழந்தார்கள். இதற்குப் பிறகே 8 மணி நேர வேலை உள்ளிட்ட தொழிலாளர் சட்டங்கள் பிரெஞ்சிந்தியாவில் நடைமுறைக்கு வந்தன. ஆண்டுதோறும் ஜூலை 30இல் அந்தத் தியாகிகளைப் புதுச்சேரி நினைவுகூர்கிறது.

சட்டம் நேரத்தைக் குறைத்தது. தூசியைக் குறைக்க வேண்டிய வேலை குழாயின் பொறுப்பு. இதில் ஒரு நுட்பம் உண்டு. காற்றை ஊதித் தள்ளும் குழாயில் ஓட்டை விழுந்தால் தூசி வெளியே பீறிடும். காற்றை உறிஞ்சி இழுக்கும் குழாயில் ஓட்டை விழுந்தால் வெளிக்காற்றுதான் உள்ளே போகும், தூசி வெளியே வராது. தூசி மிகுந்த இடங்களில் உறிஞ்சும் முறையை விரும்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்த சிக்கல் அடைப்பு. தகரக் குழாய்க்குள் பொருள் எங்கே சிக்கியது என்று எப்படித் தெரியும்? தட்டிப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் கழற்றிப் பார்க்க வேண்டும். கழற்றினால் உள்ளே இருந்த தூசி எல்லாம் முகத்தில்! இதற்கு விடை பிளாஸ்டிக்கிலிருந்து வந்தது. கண்ணாடி போன்ற அக்ரிலிக் 1930களில் சந்தைக்கு வந்தது. 1953இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல், அதே காலத்தில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் டேனியல் ஃபாக்ஸ், ஒருவரை ஒருவர் அறியாமல் பாலிகார்பனேட்டைக் கண்டுபிடித்தார்கள். அக்ரிலிக்கைப் போல எளிதில் உடையாத, ஆனால் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் அது. குழாயில் இதைப் பொருத்தினால், உள்ளே பொருள் ஓடுகிறதா நிற்கிறதா என்று வெளியிலிருந்தே பார்த்துவிடலாம்.

நேர்க்குழாயை விட வளைவுதான் கடினம். காற்று வளைந்து போகும், ஆனால் வேகமாக வரும் பொருள் நேரே போய் வளைவின் வெளிப்புறச் சுவரில் மோதும். அரிசி ஆலையில் உமியை ஊதி வெளியே தள்ளும் குழாயிலும் முதலில் தேய்வது இந்த வளைவுதான். உமியில் இருக்கும் சிலிக்கா மணற்காகிதம் போல அதை அரித்துவிடும். அதனால் சட்டென்று திரும்பாமல் அகலமாக வளையும் குழாய்களை, இடத்துக்கு ஏற்ற அளவில் தனியாகச் செய்வார்கள். பாலிகார்பனேட் குழாயைச் சூடாக்கி வளைக்கும் முன் அதிலுள்ள ஈரத்தை அடுப்பில் வைத்துப் போக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே குமிழிகள் வந்து தெளிவு கெட்டுவிடும். வேகமாக உரசும் பொருளால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரமும் சேரும். தூசி நிறைந்த இடத்தில் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். எனவே செம்புக் கம்பி கொண்டு தரையிணைப்புச் செய்வது அவசியம்.

காற்று கொடுத்த வேலையைக் காலம் எடுத்துக்கொண்டது. 2011 இறுதியில் வீசிய தானே புயல், ஏற்கெனவே நொடிந்திருந்த ஏ.எஃப்.டி. ஆலையைச் சேதப்படுத்தியது. 2020இல் புதுச்சேரியின் அரசுப் பஞ்சாலைகள் மூடப்பட்டன. முதலியார்பேட்டையில் சங்கு ஊதுவதில்லை. வில்லியனூருக்கு அருகே ஒதியம்பட்டு போன்ற ஊர்களில் வளரும் இன்றைய பிள்ளைகளுக்கு மில் என்பது பெரியவர்கள் சொல்லும் கதை மட்டுமே.

ஆனாலும் காற்றுக் குழாய்கள் ஓய்ந்துவிடவில்லை. பிளாஸ்டிக் மணிகள், மாவு, மருந்துத் தூள் என்று உலகெங்கும் ஏதாவது ஒன்று அவற்றில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அடுத்த முறை ஒரு தொழிற்சாலையில் கண்ணாடி போன்ற குழாயைப் பார்த்தால், அதன் அழகை மட்டும் பார்க்காதீர்கள். உள்ளே ஓடும் தூசி வெளியே வராமல் இருப்பதைப் பாருங்கள். ஒரு காலத்தில் அந்தத் தூசி போன இடம் மனிதனின் நெஞ்சு!