எண்ணெய் அழுத்தக் குறைவு (பழைய டிரக் எஞ்சின்)

எஞ்சின் பேரிங்குகளுக்கு ஆயில் போதிய அழுத்தத்தோடு சென்று சேராத நிலை. 1955இல் அறிமுகமான செவர்லே ஸ்மால் பிளாக் வி8 குடும்பத்தின் 5.7 லிட்டர் எஞ்சின், அமெரிக்கப் பிக்கப் டிரக்குகளில் நெடுங்காலம் ஓடியது. அதன் ஆயில் பம்ப் சம்ப்புக்குள் இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு வழியாகச் சுழலும். சூடான எஞ்சினில் 1000 ஆர்.பி.எம்.முக்கு 10 பி.எஸ்.ஐ. வேண்டும் என்பது மெக்கானிக்குகளின் கணக்கு.

சோதனை: எளியதிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தால் அது நீர்த்திருக்கிறது. அடுத்து, சென்சாரைக் கழற்றி அதே துளையில் மெக்கானிக்கல் கேஜ் மாட்ட வேண்டும். சென்சார் பொய் சொல்வது உண்டு.

காரணங்கள்: குளிரில் சரியாக இருந்து, சூடேறியதும் ஐடிலில் அழுத்தம் விழுந்தால், பெரும்பாலும் பேரிங் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும். எப்போதுமே குறைவென்றால் பம்ப் தேய்மானம், திறந்தபடி சிக்கிய ரிலீஃப் வால்வு, அடைபட்ட உறிஞ்சு வலை ஆகியவற்றை ஐயுறலாம். பழைய ஃபில்டரை அறுத்துப் பார்க்கையில் உலோகத் துகள் மின்னினால் பேரிங் அழிகிறது.

எச்சரிக்கை: கெட்டியான ஆயில் கேஜ் முள்ளை உயர்த்தும், தேய்மானத்தை ஆற்றாது. முள் திடீரென விழுந்தால் எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும்.