நடைவழிக்கு யார் காவல்?

மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து, அனுமந்தை வழியாகப் புதுச்சேரி நோக்கிச் செல்லும் சாலையில் பயணம் செய்யும்போதெல்லாம் நமக்கு ஓர் எண்ணம் தோன்றுவதுண்டு. தம் பாத்தியின் வரப்பைக் காப்பது அதில் உழைப்பவரின் பொறுப்பு. ஆனால் பல பாத்திகளுக்கும் நீர் கொணரும் வாய்க்காலின் கரை உடைந்துவிட்டால், தனியொருவர் தம் வரப்பை எவ்வளவு உறுதியாக அணைத்தும் என்ன பயன்? பொதுவானதைக் காக்கும் கடமை யாருடையது?

இக்கரையோர ஊர்களிலிருந்து படிப்பையும் பணியையும் நாடிச் சென்னைக்குச் செல்லும் நம் பிள்ளைகளில் பலர் அடுக்குமாடி வீடுகளில் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். இரவுப் பணி முடித்து வரும் மகள் தன் வீட்டுக் கதவைப் பூட்டிக்கொள்ளலாம். இருண்ட படிக்கட்டை அவளால் பூட்ட முடியுமா? இக்கேள்விக்கு நீதிமன்றம் ஒன்று விடை கூறிய வரலாறு நாம் அறியத்தக்கது.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், மாசசூசெட்ஸ் அவென்யூ 1500 என்ற முகவரியில் 585 குடியிருப்புகள் கொண்ட பெரிய கட்டடம் ஒன்று இருந்தது. 1959 அக்டோபரில் ஒரு பெண்மணி அங்கே குடிவந்தபோது, தலைவாயிலில் இரவும் பகலும் காவலாளி நின்றார். உள்கூடத்தில் வருவோர் போவோரைக் கவனிக்கப் பணியாளர் இருந்தார். ஒரு பக்கவாயில் இரவு ஒன்பது மணிக்குப் பூட்டப்பட்டது. ஏழு ஆண்டுகள் உருண்டோடின. 1966-இன் நடுப்பகுதியில் தலைவாயிலில் காவலாளி இல்லை. உள்கூடத்து மேசை பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தது. பூட்டப்பட வேண்டிய பக்கவாயில் பல இரவுகளில் திறந்தே இருந்தது. காவல் குறைந்தது, களவும் தாக்குதலும் பெருகின.

அப்பெண்மணி வாய்மூடி இருக்கவில்லை. வாயில்களைப் பாதுகாக்க ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று உரிமையாளரின் முகவரிடம் நேரிலேயே கேட்டார். பயன் விளையவில்லை. அவ்வாண்டு நவம்பர் 17-ஆம் நாள் இரவு பத்தேகால் மணியளவில், தம் வீட்டு வாசலுக்கு வெளியே, பொது நடைவழியில், உள்ளே புகுந்திருந்த ஒருவன் அவரைத் தாக்கிக் கொள்ளையிட்டான். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே இன்னொரு பெண்ணும் அதே நடைவழியில் தாக்கப்பட்டிருந்தார்.

'குற்றம் செய்தவன் வேறொருவன். உரிமையாளர் எப்படிப் பொறுப்பாவார்?' என்பதே அதுவரை சட்டத்தின் பொதுவான போக்காக இருந்தது. கீழ் நீதிமன்றமும் உரிமையாளர் பக்கமே தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1970 ஆகஸ்டு 6-ஆம் நாள் அதை மாற்றியது. நீதிபதி மால்கம் வில்கி எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம் எளிது. வாயிலும் நடைவழியும் உரிமையாளரின் கையில் உள்ளன. அங்கே காவல் அமைக்கத் தனிக் குடித்தனக்காரர் எவருக்கும் அதிகாரமில்லை. ஆபத்தை அறிந்தும், தடுக்கும் வழி தம் கையிலிருந்தும் வாளாவிருந்தவர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது.

உரிமையாளரைக் காவல்துறையாகவே மாற்றிவிட அத்தீர்ப்பு முயலவில்லை. குடிவந்த நாளில் எத்தகைய காவல் இருந்ததோ, அந்த அளவுக் காவலையேனும் தொடர்ந்து பேணவேண்டும் என்றது. அதற்காகும் செலவு வாடகையில் சேரக்கூடும் என்பதையும் மறைக்கவில்லை. ஒரு நீதிபதி மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தார் என்பதும் நாம் மறக்கக் கூடாதது. எனினும் பிற்காலத்தில் வாடகை வீட்டுப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவோர் பலரும் இத்தீர்ப்பையே முதலில் எடுத்துக்காட்டினர்.

நம் நாட்டு நிலை என்ன? தமிழ்நாட்டின் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் தலையாய கவலை, வாடகை மிகாமலும் குடியிருப்போர் முறையின்றி வெளியேற்றப்படாமலும் காப்பதே. அதன் இடத்தில் 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும் என்றும், அது வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யப்படவேண்டும் என்றும் கூறுகிறது. 2021-இல் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டமோ, நடைவழி விளக்கையும் மின்தூக்கியையும் பாதுகாப்பு ஏற்பாடுகளையும் இன்றியமையாச் சேவைகளோடு சேர்த்துச் சொல்கிறது.

எனவே முன்பணம் கொடுக்கும் நாளிலேயே நாம் கேட்கவேண்டியவை சில உண்டு. வாயிலில் காவலாளி உண்டா? இரவில் கதவு பூட்டப்படுமா? படிக்கட்டு விளக்கு யார் பொறுப்பு? விடைகள் ஒப்பந்தத்தில் ஏறட்டும். பின்னர்க் குறை நேர்ந்தால், முறையீடும் எழுத்தில் இருக்கட்டும். ஒரு வீட்டாராக அன்றி, எல்லா வீட்டாரும் கையொப்பமிட்டதாக இருக்கட்டும். வாஷிங்டன் பெண்மணி தனியாகக் கேட்டார். அவருடைய கேள்விக்கு விடை கிடைக்க நான்கு ஆண்டுகளும், ஆறாத ஒரு காயமும் தேவைப்பட்டன.

வாய்க்கால் கரை உடைந்த பின் மண் சுமப்பதைவிட, கசிவைக் கண்ட அன்றே கூடி நின்று குரல் கொடுப்பது நன்று. உப்பளத்தில் உழைப்பவர்களுக்கு இது நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.